கவனக்குறைவு என்று எழுதாதே

மார்ச் 4

அண்ணா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உத்தரவின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்து கொஞ்சமும் நடுங்காமல் இருக்கிறது.

மூன்று மாதத் தடை. காரணம், "கவனக்குறைவு". மார்ச், ஏப்ரல், மே. இந்த மூன்று மாதமும் எந்த ஊரிலும் தடகளப் போட்டி கிடையாது என்பது ஒழுங்கு விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கும் உனக்குத் தெரியாதா? மைதானத்தில் புல் விதைத்து, தண்ணீர் விட்டு, கேட்டைப் பூட்டிப் போடும் காலம் இது. பூட்டிய கடைக்குள் போகாதே என்று எனக்குத் தண்டனை கொடுத்திருக்கிறாய்.

பத்தொன்பது வருடம் காற்றுமானி பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். மைதானத்தில் எனக்குப் பெயரே "காத்து டீச்சர்". நீளம் தாண்டுகிறவளின் முதுகைக் காற்று நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளினால், அந்தத் தூரம் அணித் தேர்வுக்குச் செல்லாது. இது உனக்கும் தெரியும். ஆனால் உத்தரவைப் படித்தால் மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். தேர்வுப் போட்டியில் தடகளச் சங்கத் தலைவரின் மகள் தாண்டியபோது என் கருவி காட்டியது 2.6. நான் தாளில் எழுதியது 1.9. அவளுடைய 6.48 அணிக்குள் போய்விட்டது. வெறும் 0.3 காற்றில் 6.44 தாண்டிய சுருட்டை முடிக்காரி வெளியே நிற்கிறாள்.

எந்தக் கேமராவும் என்னைப் பிடிக்கவில்லை. பதினோராவது நாள் நானே சங்க அலுவலகத்துக்குப் போய், "செயலாளர் சொன்னார், நான் தெரிந்தே மாற்றி எழுதினேன்" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு பக்கத்தை நீ ஒரே வார்த்தையாகச் சுருக்கிவிட்டாய். நான் கவனக்குறைவாக இருந்ததே இல்லை, அண்ணா. அந்தப் பொய்யை ரொம்பக் கவனமாக எழுதினேன். ஒன்றுக்குக் கொம்பு வைத்து, புள்ளியை அழுத்தி, ஒன்பதைத் திருத்தமாகப் போட்டேன்.

போனில் கூப்பிடாதே. உன் நம்பரை அடைத்து வைத்திருக்கிறேன். உன் குரல் கேட்டால் நான் தங்கச்சியாகிவிடுவேன். எழுது.

உன் தங்கை


மார்ச் 9

வாயாடிக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் உன் அண்ணி பிரித்துப் படித்துவிட்டாள். "நல்லா கேட்டிருக்கா" என்று மேஜையில் போட்டுவிட்டுப் போனாள். அன்று முழுக்க எனக்குக் காபி ஆறித்தான் வந்தது. அவ்வளவு பெரிய கட்சி உனக்கு இந்த வீட்டிலேயே இருக்கிறது.

நிதானமாகக் கேள். விதிப்புத்தகத்தில் இரண்டே கதவுதான். கவனக்குறைவு என்றால் மூன்று மாதம். தெரிந்தே செய்தது என்றால் ஆயுள் தடை, அதோடு வேலை பார்க்கும் இடத்துக்கும் கடிதம் போகும். விளையாட்டு ஆசிரியையை அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடம் மைதானத்தில் விடும்? உன் பெண் கல்லூரியில் பாதியில் நிற்கிறாள். மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று ஒரு வரி எழுதினாயா?

செயலாளர் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்கிறார். சாட்சி கிடையாது. ஒருவர் வாய்க்கு எதிரே இன்னொருவர் வாய். முப்பது வருடம் கறுப்புக் கோட்டு போட்டவன் சொல்கிறேன், அது எங்கேயும் நிற்காது. குழுவில் எல்லோரும் உன்னிடம் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். சுருட்டைக்கு இருபது வயதுதான். அவளுக்கு அடுத்த வருடம் இருக்கிறது.

சின்ன வயதிலிருந்தே உன் மேல் ஓர் அடி விழாமல் பார்த்துக்கொண்டவன் நான். இப்போதும் அதைத்தான் செய்தேன். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விடு. ஜூனில் உன் நாற்காலி உனக்காகக் காத்திருக்கும்.

அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

என் மேல் அடி விழாதது உண்மைதான். எதற்கு விழவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியை உடைத்தது யார்? பந்து யாருடையது? உனக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. "பாப்பாதான்பா உடைச்சா" என்று நீ சொன்னாய். "சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிருப்பா" என்று அப்பா விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் எது உடைந்தாலும் பாப்பாதான் உடைத்தாள். உடைந்த ஜாடி, கிழிந்த குடை, காணாமல் போன சாவி, எல்லாம் நான். எனக்கு அடி விழாது என்பதால் என்னை முன்னால் தள்ளினாய். நானும் பெருமையாக நின்றேன்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். காற்று எண்ணைக் காட்டும் பெரிய பலகை அன்று பழுது. அதனால் என் கருவி காட்டுவது எனக்கு மட்டும்தான் தெரியும். என் வழக்கம் உனக்குத் தெரியாது. கருவியைப் பார்த்ததும் முதலில் என் கையடக்க நோட்டில் பென்சிலால் குறிப்பேன், பிறகுதான் தாளில் மையால் எழுதுவேன். 2.6 என்று பென்சிலில் எழுதிவிட்டேன். அதற்குள் செயலாளர் தண்ணீர் பாட்டிலோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் குனிந்தார்.

"என்னம்மா வந்திருக்கு?"

"ரெண்டு புள்ளி ஆறு சார்."

"ரெண்டுக்குள்ள போட்டுடுங்க. அண்ணன்கிட்ட பேசிட்டேன். அவருக்குத் தெரியும்."

அவருக்காக நான் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தியிருக்க மாட்டேன். உன் பெயரைச் சொன்னதும் பேனாவை எடுத்தேன். அந்த இரண்டு பக்க வாக்குமூலத்தில் இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். பாப்பா மறுபடி முன்னால் போய் நின்றாள், பார்த்தாயா?

எழுதியது என் கை. அந்தக் குற்றத்தில் உன்னிடம் பங்கு கேட்க மாட்டேன். ஆனால் உன்னுடைய இரண்டு கதவில் ஒரு விஷயத்தை நீ சொல்லவில்லை. கவனக்குறைவு என்றால் தாள் அப்படியே நிற்கும். தெரிந்தே செய்தது என்றால் தாள் செல்லாது, 6.48 விழும், சுருட்டை உள்ளே வருவாள். அணிப் பட்டியல் ஏப்ரல் இருபதாம் தேதி மூடுகிறது. எனக்குக் காட்டும் கருணை அவள் காலைப் பிடித்து இழுக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. செயலாளர் உன்னிடம் பேசினாரா இல்லையா? ஒரு வார்த்தையில் எழுது.

தங்கை


மார்ச் 17

வாயாடிக்கு,

ஒரு வாரமாக முட்டி வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. இந்த மாதிரிக் கேள்விகளைக் காகிதத்தில் கேட்பதும் காகிதத்தில் பதில் சொல்வதும் நல்லதல்ல, உனக்கும்தான். பெண்ணுக்கு லீவு விட்டதும் ஒரு நடை வா, நேரில் பேசுவோம். அந்த நோட்டு இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதே.

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

ஒரு வார்த்தை கேட்டேன், முட்டி வலி வந்தது. வக்கீல் சுற்றி வளைத்தால் பதில் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீயே சொல்லும் வரை அதை நான் எங்கேயும் எழுத மாட்டேன். நோட்டை மட்டும் மேல்முறையீட்டுக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். நீ சொல்லாதே என்று எழுதியது கைக்கு வருவதற்கு முந்தின நாளே கொடுத்தாயிற்று.

அதற்கு முன்னால் சுருட்டையைப் பார்க்கப் போனேன். பார்சல் பிரிக்கும் கிடங்கில் வேலை செய்கிறாள். தகரக் கூரை, நீள மேஜை, சுவர் முழுக்க எண் ஒட்டிய தட்டுகள். பார்சல் கட்டும் ரப்பர் பேண்டையே தலையில் போட்டிருந்தாள். நான் நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கையில் இருந்த பெட்டியை அதன் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மன்னிப்பை வச்சு நான் என்ன டீச்சர் பண்றது? நம்பரை மாத்துங்க."

"ட்ரை பண்றேம்மா."

"ட்ரை பண்ணித்தான் பொய் எழுதினீங்களா? அதைச் சட்டுனு எழுதிட்டீங்க இல்ல?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் முதல் முறையாக ஒருத்தி என்னைச் சின்னப் பொண்ணு என்று விடவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது வேண்டியிருந்தது.

நேராகச் சங்க அலுவலகத்துக்குப் போய் மேல்முறையீட்டுப் படிவம் கேட்டேன். "விதிக்கப்பட்ட தண்டனையைக் குறைக்கக் கோரி" என்று அச்சடித்த தாளைக் கிளார்க் நீட்டினார்.

"எனக்குக் கூட்டணும்."

"மேடம்?"

"தண்டனையைக் கூட்டச் சொல்லிக் கேக்கணும்."

அவர் உள்ளே போய் இரண்டு பேரைக் கேட்டுவிட்டு வந்தார். "அதுக்கு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல மேடம். ஃபாரம் அடிக்கல." நான் "குறைக்க" என்பதை அடித்துவிட்டு மேலே "கூட்ட" என்று எழுதினேன். மனிதர் அதை விரலால் தொட்டுக் காட்டி, "அடிச்ச இடத்துல இனிஷியல் போடுங்க" என்றார். போட்டேன். முத்திரையை ரொம்ப நேராக வைத்தார்.

உன் மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்டாயே. "வேலை போனா சமையலைப் பாதிப் பாதியா பிரிச்சுக்கலாம், உன் பாதியை மட்டும் நான் சாப்பிட மாட்டேன்" என்கிறார். பெண் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் தாளை மாற்றினேன் என்பதற்காக. ஒத்துக்கொண்டதற்காக அல்ல.

விசாரணை ஏப்ரல் ஒன்பது. உத்தரவு எழுதியவன் என்று உன்னையும் கூப்பிடுவார்கள். முட்டியைச் சரிசெய்து வை.

தங்கை


ஏப்ரல் 3

பாப்பா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்தேன். ஐந்தாவதை உன் அண்ணியிடம் கொடுத்து, நான் மனம் மாறுவதற்குள் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

பேசினார். அன்று காலை மைதானத்துக்கு அவர் காரில்தான் போனேன். பின்சீட்டில் நானும் அவரும். "இன்னைக்குக் காத்து கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் கவலையில்ல சார். நாற்காலியில நம்ம தங்கச்சிதானே இருக்காங்க. சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பழக்கடை, சிவப்பு விளக்கு. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். விளக்கு பச்சையாகும் வரை காத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அது போதும்.

என் பதவிக்காலத்தை நீட்டிப்பது பற்றி அந்த மாதம்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. தொழிலை விட்ட வக்கீலைப் பார்த்து எவனும் எழுந்திருப்பதில்லை, பாப்பா. அந்த அலுவலகத்தில் நான் நுழைந்தால் ஆறு பேர் எழுந்து நின்றார்கள். என் விலை அவ்வளவுதான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

உன்னைக் காப்பாற்றினேன் என்று எழுதினேன். பச்சைப் பொய். நீ தெரிந்தே செய்தாய் என்று எழுதினால், யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்க வேண்டும். கேட்டால் அந்தக் கார் வரும், காரில் நான் இருப்பேன். உன் தண்டனையைச் சின்னதாக்கி, என்னுடையதை இல்லாமல் ஆக்கிக்கொண்டேன். சின்னப் பொண்ணு தெரியாம செஞ்சிருப்பா. அப்பா அன்று சொன்ன அதே வசனத்தைத்தான் இந்த முறை தட்டச்சு செய்து முத்திரை குத்தினேன்.

கூடத்துக் கடிகாரத்தின் கண்ணாடியை நான்தான் உடைத்தேன். நாற்பத்தெட்டு வருடம் கழித்து எழுதிக் கொடுக்கிறேன். பந்தும் என்னுடையது.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

படித்தேன். முதல் முறை படித்ததும் உன் மேல் வந்த கோபத்தில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. இரண்டாம் முறை அழுதேன். மூன்றாம் முறை படித்தபோது, அந்தச் சிவப்பு விளக்கில் நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுருட்டை இந்நேரம் கிடங்கில் இருக்க மாட்டாளே என்று மறுபடி கோபம் வந்தது. அது போகாது. போக வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நான் குழுவிடம் கொடுக்கப் போவதில்லை. என் தாளை நான் கொடுத்தேன். உன்னுடையதை நீதான் கொடுக்க வேண்டும். எனக்கு ஒப்புக்கொண்டது எனக்குப் போதும், அவளுக்குப் போதாது.

ஒன்பதாம் தேதி, பத்தரை மணி, இரண்டாவது மாடி. லிஃப்ட் உண்டு.

தங்கை


ஏப்ரல் 16

பாப்பா,

உன்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே என்னை ஐம்பது நிமிடம் கேட்டார்கள். காரில் நடந்ததையும் சொல்லிவிட்டேன். வெளியே வந்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஆனால் உன் தண்ணீர் பாட்டிலை என் பக்கமாக நகர்த்தி வைத்தாய். நான் பார்த்தேன்.

மூன்று நாள் முன்னால் முடிவு வந்தது. உனக்கும் பிரதி வரும், முந்திக்கொண்டு சொல்கிறேன். தாள் செல்லாது. 6.48 அடிபட்டது. சுருட்டை அணியில் இருக்கிறாள். உனக்கு ஆயுள் தடை, பள்ளிக்கூடத்துக்கும் கடிதம். வாழ்த்துச் சொல்வதா, துக்கம் கேட்பதா என்று தெரியவில்லை. கேட்டது முழுசாகக் கிடைத்தவள் இந்தச் சங்கத்தில் நீ ஒருத்திதான்.

மற்றவர்கள் கதையைக் கேள். சங்கத் தலைவருக்கு ஒன்றும் தெரியாதாம், அதனால் ஒன்றும் இல்லை. செயலாளருக்குக் "கடும் கண்டனம்". பதவியிலிருந்து எடுத்துவிட்டு ஆலோசகராகப் போட்டிருக்கிறார்கள். புது அறை பழையதைவிடப் பெரியது, ஜன்னல் இரண்டு. எனக்குத் தயாராக ஒரு தாள் வைத்திருந்தார்கள். "உடல்நிலை காரணமாக விலகுகிறார், அவரது சேவைக்கு நன்றி." கையெழுத்து மட்டும் பாக்கி. முட்டி வலிக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பேனாவைத் திறந்ததும் உன் படிவம் ஞாபகம் வந்தது. "உடல்நிலை காரணமாக" என்பதை அடித்தேன். மேலே "தெரிந்தும் வாய் மூடி இருந்த காரணத்தால்" என்று எழுதினேன். நன்றியையும் அடித்தேன். அடித்த இரண்டு இடத்திலும் இனிஷியல் போட்டேன். ஆலோசகர் அதை வாங்க மாட்டேன் என்றார். வாசலில் நின்ற பத்திரிகைக்காரர் வாங்கிக்கொண்டார். நான் கீழே இறங்கியபோது ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. பரவாயில்லை, உட்கார்ந்தே இருக்கட்டும்.

செய்தி வந்த பிறகு அமைச்சகம் செயலாளர் மேல் தனி விசாரணை வைத்திருக்கிறது. ஜூன் இருபத்தெட்டில் நான் முதல் சாட்சி. கறுப்புக் கோட்டு இல்லாமல் கூண்டுப் பக்கம் போவது இதுதான் முதல் தடவை.

அண்ணன்


ஜூன் 21

அண்ணா,

பள்ளிக்கூடத்தில் என்னை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறைவு, ஜன்னல் ஒன்று, அதன் வழியாக மைதானம் தெரியும். முதல் மணி அடித்துப் பிள்ளைகள் ஓடும்போது வேலையை விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நிற்கிறேன். அதை மறைக்கப் போவதில்லை. செய்ததற்கு உண்டானது, வாங்கிக்கொள்கிறேன்.

நேற்றுப் போட்டிக்குப் போனேன். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். வாயிலில் இருந்த ஆள் பட்டியலைப் பார்த்து, "மேடம், உங்க பேர் தடை லிஸ்ட்ல இருக்கு" என்றார்.

"மைதானத்துல இறங்கக் கூடாது. காலரியில உக்காரக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு? எடுத்துப் படிங்க."

படித்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வேலிக்குப் பக்கத்து வரிசையில் மணல் குழிக்கு நேராக உட்கார்ந்தேன். சுருட்டையின் மூன்றாவது தாண்டல். அவள் ஓடுபாதைக் குறியைக் கடந்ததும் பழக்கதோஷத்தில் கைக்குட்டையை உயர்த்தி, கருவி காற்றை அளக்கும் அந்த ஐந்து நொடியை எண்ணினேன். அவள் விழுந்த இடத்தைப் பார்த்ததும் காலரி எழுந்துவிட்டது. 6.71. மாநிலச் சாதனை. என் கைக்குட்டை மட்டும் விறைப்பாக நின்றது. காற்று இரண்டைத் தாண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் நாற்காலியில் இப்போது ஒரு கண்ணாடிக்காரர் இருக்கிறார். அதிகாரிகள் மூன்று பேர் அவரைச் சுற்றிக் குனிந்தார்கள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அண்ணா. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதினார். பலகையில் 2.4 என்று வந்தது. சாதனை கிடையாது. மொத்தக் கூட்டமும் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது.

சுருட்டை வேலி ஓரம் வந்தாள். "டீச்சர், ரெண்டு புள்ளி நாலா?"

"ஆமா."

"நிஜமாவா?"

"நிஜமா. நானும் எண்ணினேன்."

மணலைத் தட்டிவிட்டாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, ஓடி வரும் தூரத்தை மறுபடி அளக்கப் போய்விட்டாள். நான்காவதாகத்தான் வந்தாள். என்னை மன்னித்தாளா என்று கேட்கவில்லை. நானும் எழுந்து நின்றேன், கூச்சலுக்கு நடுவில் தனியாகக் கை தட்டினேன், அந்தக் கண்ணாடிக்காரருக்காக. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இருபத்தெட்டாம் தேதி நானும் வருகிறேன். இந்த முறை வெளியே பெஞ்சில் உட்கார மாட்டேன். அந்த இரண்டு ஜன்னல் அறை காலியாகும் வரை நாம் இருவரும் போய்க்கொண்டே இருப்போம். உன் முட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் தோளைக் கொடுக்கிறேன்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடலாம். ஆனாலும் கடிதத்தை நிறுத்தாதே. எழுதினால்தான் நீ உண்மையைச் சொல்கிறாய்.

காத்து டீச்சர்